கடைசி இரண்டு வரி

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். எண்பதுகளின் நடுவில் சுவிஸுக்கு அகதிகளாய் வந்த எங்களுக்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, பழைய மாணவர் சங்கம் கிடைத்துவிட்டது. அந்தச் சங்கங்கள் எல்லாம் கூடி ஒரு சம்மேளனம் அமைத்தன. ஒவ்வொரு கோடையிலும் கல்லூரிகளுக்கிடையே கரப்பந்தாட்டம், வொலிபோல்தான்.

பெரிய கல்லூரிகளுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். எங்களது சின்னக் கல்லூரி. சுவிஸ் முழுக்கத் தேடியும் ஆறு பேர்தான். கரப்பந்துக்கு அது போதும் என்று தலைவனான எனக்குக் கொஞ்சம் திமிர் வேறு. முதல் வருடம் ஒருவனுக்குக் காய்ச்சல்; ஆடாமலே தோற்றோம். மறுபடியும் ஆறு பேர் இறங்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியோடு எங்களைச் சேர்த்துவிடுவேன் என்றார் சம்மேளனச் செயலாளர். பக்கத்துக் கல்லூரியோடு! ஊரில் நாங்கள் அவர்களோடு ஒரே பஸ்ஸில்கூட ஏறமாட்டோம்.

ஆரா நகரில் இருந்த அந்தச் செயலாளர் சட்டம் கதைப்பதில் மன்னன். வெளியாட்களை இறக்குகிறார்கள் என்று பெரிய கல்லூரிகள் இரண்டு அடிபட்ட பிறகு புது விதி ஒன்று கொண்டுவந்தார். எல்லை எல்லையாய்த் தாண்டி வந்த எங்களில் யாரிடமும் பள்ளிச் சான்றிதழ் இல்லை. ஆகவே, ஆட வருகிறவன் தன் கல்லூரிக் கீதத்தை முழுதாகப் பாடிக்காட்ட வேண்டும்.

அடுத்த கோடையில் டீட்டிகோனில் ஒரு பள்ளிக்கூடப் புல்தரையில் ஆட்டம். எதிரணி, வேறு யார், பக்கத்துக் கல்லூரிதான். நாங்கள் ஐந்து பேரும் பாடித் தேறிவிட்டோம். ஆறாவது ஆள், பாசலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், வந்து சேரவில்லை. சுவிஸ் ரயில் பிந்தாது, இவன் பிந்துவான். நான் வாய்க்குள் திட்டி முடிக்கும் நேரத்தில் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான்.

“பாடும் தம்பி” என்றார் செயலாளர்.

“எனக்குத் தெரியாது அண்ணை.”

வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்!

“படிச்ச பள்ளிக்கூடத்துப் பாட்டுத் தெரியாதோ?”

“விடியத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சிட்டுத்தான் அண்ணை பள்ளிக்கூடம் போறனான். ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. பாட்டு முடியுமட்டும் கேற்றைப் பூட்டி வைச்சிருப்பினம், உள்ளை பாடுறது அங்கை விளங்காது. கடைசி ரெண்டு வரியிலைதான் காவல்காரர் தானும் பாடிக்கொண்டு துறப்போடை வருவார். அந்த ரெண்டு வரியும் தெரியும்.”

“அப்ப அதைப் பாடும், பாப்பம்.”

பாடினான். பரவாயில்லாத குரல். பாடி முடித்த கையோடு, தன்னையறியாமல் வலது உள்ளங்கையைச் செயலாளருக்கு முன்னால் நீட்டினான். பிந்தி வந்தவர்களுக்குக் கேற்றடியில் பிரம்படி. செயலாளருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்துக் கல்லூரியின் தலைவன்தான் முதலில் சிரித்தான். “விடுங்கோ அண்ணை. எங்கடை கேற்றுக்கு வெளியிலையும் இப்பிடிக் கொஞ்சப்பேர் நிண்டவை. நானும் நிண்டனான்.”

செயலாளர் அவன் கையைத் தட்டிவிட்டு, “சரி, இறங்கும்” என்றார். அந்தக் கல்லூரிக்காரன் ஒருவனை எனக்குப் பிடித்தது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.

படுதோல்வி. ஆனாலும் ஆடித்தான் தோற்றோம். எங்கள் கல்லூரி எங்கள் பெயரிலேயே இருந்தது, அது போதும்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் வலையோரம் நின்று தங்கள் கீதத்தைப் பாடுவது வழக்கம். நாங்கள் பாடத் தொடங்கியபோது பக்கத்தில் எங்கள் ஆறாவது ஆளைக் காணவில்லை. திரும்பினால், ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சப்பாத்தைப் பிடித்தபடி நிற்கிறான். கடைசி இரண்டு வரிக்காகக் காத்திருக்கிறான்! எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டைப் பாதியில் நிறுத்தினேன்.

“உள்ளை வாடா. முதல்லை இருந்து பாடுவம்.”

வந்து நடுவில் நின்றான். எங்கள் கல்லூரிக் கீதத்தின் முதல் வரியை அவன் கேற்றுக்கு உள்ளே நின்று கேட்டது அன்றுதான்.