படிக்கட்டில் எடுத்த படம்

இணையதளம் வடிவமைப்பது அவளுக்குப் பதினோரு வருடத் தொழில். ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். கீழே மிஷின் ஓடும்போது மேஜை லேசாக அதிரும். வேலையில் அவள் கறார். படம் கனமாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகும் என்று ஒவ்வொரு படத்தையும் இளைக்க வைத்துத்தான் ஏற்றுவாள். படத்தில் இருப்பவர் நிஜமான ஆளாகத் தெரிய வேண்டும் என்பதும் அவள் பிடிவாதம். விலைக்குக் கிடைக்கும் படங்களில் எல்லோருக்கும் ஒரே பல்வரிசை என்று கேலி செய்வாள்.

ஒரு குடிநோய் சிகிச்சை மையத்துக்குத் தளம் செய்யும் வேலை வந்தது. முகப்புக்கு நான்கு படங்களை அனுப்பினாள். மையத்தின் மேலாளர் நான்கையும் தள்ளிவிட்டார்.

"இவங்கள்லாம் விளம்பரத்துல நடிக்க வந்த மாதிரி இருக்காங்க. பார்த்தா மனசு இளகணுங்க."

அன்று மாலைக்குள் தளம் வெளியாக வேண்டும். தன் கைப்பேசியில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது அது கண்ணில் பட்டது. அக்கா வீடு மாறிய நாளில் எடுத்தது. பகல் முழுக்க பீரோவும் கட்டிலும் தூக்கிக் களைத்த மாமா, அதாவது அக்காவின் கணவர், தலையை இரண்டு கைகளிலும் தாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் பாதிதான் தெரிந்தது. சுற்றிலும் இருந்ததை வெட்டி, நிறத்தை மங்கலாக்கி, நிழலைக் கூட்டினாள். யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலாளருக்குப் படம் உடனே பிடித்துவிட்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் அவளை அதிகமாக அரித்தது.

மாமா பள்ளி வேன் ஓட்டுகிறவர். குடிப்பழக்கம் அறவே கிடையாது. மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"உங்க மாமாவ வண்டி எடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்கடி. ஒரு பிள்ளையோட அம்மா ஏதோ படத்தக் காட்டியிருக்காங்க. இவர் குடிச்சு எங்கயோ சேர்ந்திருந்தாராம். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"விசாரிக்கிறேன்க்கா" என்றாள். விசாரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பத்து நிமிடத்தில் தளத்திலிருந்து படத்தை நீக்கினாள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும் கருவியில் போட்டுப் பார்த்தாள். யார் யாரோ எடுத்துப் போட்டு, ஏழு இடங்களில் இருந்தது. ஒன்றில் கல்லீரல் மருந்து விற்றார்கள். இன்னொன்றில் 'குடும்பத்தை அழித்தவர்' என்ற தலைப்புக்குக் கீழே மாமா உட்கார்ந்திருந்தார். படத்தை நீக்கச் சொல்லி ஏழு பேருக்கும் எழுதினாள். அக்காவிடம் சொல்லத்தான் இரண்டு நாளாக வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் போனாள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மாமா சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தப் படத்தப் போட்டது நான்தான்."

"தெரியும்மா." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்துல காட்டினப்பவே அந்தப் படிக்கட்டு தெரிஞ்சிடுச்சு. நான் குடிக்கறதில்லன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் மாமா என் பேரச் சொல்லல?"

"சொன்னா அக்காவும் நீயும் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேச மாட்டீங்க. நீயா வருவேன்னு பார்த்தேன்."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னடி? ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலயா?"



மறுநாள் காலை வெட்டாத முழுப் படத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அதில் பீரோ இருந்தது, கயிறு இருந்தது, பின்னால் துடைப்பத்தோடு சிரிக்கும் அக்கா இருந்தாள். தலைமையாசிரியை முன்னாலும், புகார் சொன்ன அம்மாவின் முன்னாலும் தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அந்த அம்மா தன் பிள்ளையை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்.

ஏழில் நான்கு பேர் படத்தை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்று பேருக்குத் திங்கள்கிழமைதோறும் எழுதுகிறாள். பதில் இல்லை. இப்போது ஆள் முகம் வரும் படம் எதுவானாலும், படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அவள் தொடுவதில்லை. அக்கா நான்கு மாதம் கழித்துப் பழையபடி பேசத் தொடங்கினாள். மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வீட்டில் யாராவது படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால், ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விடுகிறார்.