உப்பு சரியா, அக்கா?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நான், எழுபதுகளின் கடைசியில் ஒரு வாரம் கொழும்பின் பெரிய ஹோட்டலில் ராணி மாதிரிச் சாப்பிட்டேன். அங்கே தலைமைச் சமையல்காரன் என் தம்பி. அம்மா இறந்தபின் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றையறை வீட்டு அடுப்பில் சமைத்துப் போட்டு நான் வளர்த்தவன். இறால், வாத்து, புட்டிங் என்று தினமும் ஊட்டாத குறையாகக் கவனித்தான்.

கடைசி நாள் நண்டுக்கறியை அவனே கொண்டுவந்து பரிமாறினான். பக்கத்து மேசை வெள்ளைக்காரரும் அதே கறியை ருசித்துவிட்டு, சமையலை யாரிடம் கற்றாய் என்று அவனிடம் கேட்டார். தம்பி என்னைக் கைகாட்டினான். பிறகு என் பக்கம் குனிந்து, “உப்பு சரியா இருக்கா அக்கா?” என்றான்.

“கொஞ்சம் கூடிப்போச்சுடா.”

“இன்னும் ஒங்ககிட்ட பாஸாக முடியலயே!” என்று வாய்விட்டுச் சிரித்தான்.

வெள்ளைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். கொழுந்துக் கறை படிந்த என் விரல்களை நான் மறைக்கவில்லை.

கொழும்பில் என்ன சாப்பிட்டாய் என்று தோட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். தம்பி என்னிடம் உப்பு சரியா என்று கேட்டதைத்தான் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.