அண்ணனின் நீராவியும் அண்ணியின் கிரைண்டரும்

அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். நல்லது எவ்வளவோ உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த நீராவி டர்பைன்தான் முன்னால் வந்து நிற்கிறது.

பரமக்குடிப் பக்கம் பிறந்த அண்ணன், சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, பட்டறை வேலை பழகி, அரசுப் பணிமனை மெக்கானிக்காகக் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தார்கள். தங்கை எனக்குக் கல்யாணம் முடித்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்கள். யாரையும் கடிந்து பேசாதவர்கள். ஓய்வுபெற்று, போர்ட் பிளேருக்கு வெளியே பெரார்கஞ்சில் வீடு கட்டிக் குடிவந்தார்கள்; நாங்களும் அதே வளவில்தான். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், மாவு பாதி அரைபட்டபோது கரண்ட் போய், அண்ணி அழுதுவிட்டார்கள். "இனி கரண்ட் போனாலும் உன் கிரைண்டர் ஓடும். அது என் பொறுப்பு" என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்கள். கொல்லையில் கிடக்கும் தேங்காய் மட்டையை எரித்து, கொதிகலனில் நீராவி எடுத்து, அந்த வேகத்தில் சக்கரம் சுழன்று டைனமோவைச் சுற்றும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நடந்ததைக் கேளுங்கள். சேஃப்டி வால்வு அலறியதில் கோழிகள் அடையை விட்டு ஓடின. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கொதிகலனில் உப்புப் படிகிறதென்று, கூரைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மில் கை வைத்தார்கள். குழாயில் தண்ணீர் என்றைக்கு வருமென்று தெரியாத மார்ச் மாதத்தில், நாங்கள் குடிக்க வைத்திருந்த மழைத் தண்ணீர் புஸ்ஸென்று வானத்துக்குப் போனது. எரிந்தது ஒரு பல்பு. கிரைண்டர் அசையவில்லை.

"பேசாம ஒரு இன்வெர்ட்டர் வாங்குங்கண்ணே" என்றேன்.

"அது சர்க்கார் கரண்ட்டச் சேத்து வச்சுத் திருப்பித் தர்றது. இது நாமளே எடுக்குறது. புரியுதா தாயி?"

எனக்கு இன்றுவரை புரியவில்லை. மட்டை அள்ளிப் போடும் கூட்டாளியான பக்கத்து வீட்டு வங்காளி தபன் தாதா, "ஹோ ஜாயேகா தீதி, ஆயிரும்" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவார். வருஷக்கணக்கில் "அடுத்த வாரம் ஓடும்" என்றே கேட்டோம். அண்ணி ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதயம் பலவீனமாகிவிட்டது, அனலில் நிற்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதையும் அண்ணன் கேட்கவில்லை. கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் கடைசியாக அண்ணியின் கையைப் பிடித்து, "கிரைண்டர் ஓடலையே" என்றார்கள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்து நான் வெளியே போய்விட்டேன்.

கருமாதியன்று வடைக்கு உளுந்து அரைக்கும்போது கரண்ட் போனது. அண்ணி எழுந்து, டிரம்மிலிருந்து மழைத் தண்ணீரைத் தாமே மொண்டு கொதிகலனில் ஊற்றினார்கள். "தாதா, அதக் கொளுத்துங்க" என்றார்கள். வால்வு அலறியது. கிரைண்டர் முனகியது, மெள்ள ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றுவிட்டது.

அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஓடுச்சுல்ல?" என்றார்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவர்களுக்கும், அந்த மார்ச் மாதங்களில் முகம் சுளிக்காமல் எங்களுக்குக் குடிதண்ணீர் தந்த அக்கம்பக்கத்தாருக்கும், தபன் தாதாவுக்கும், அன்று அண்ணி கேட்டபோது சிரிக்காமல் "ஓடுச்சு" என்று சொன்ன உறவினர் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.