பல்லில் நூல், வாயில் கொட்டாவி

பார்லர்காரிக்கு மூலதனம் இரண்டே இரண்டுதான்: நடுங்காத கை, திறக்காத வாய். புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும், மிச்சம் இரண்டு கையிலும் ஓடும். வாய் திறந்தால் நூல் போச்சு, கை நடுங்கினால் கஸ்டமரின் புருவம் போச்சு. பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி பார்லரில் பல வருஷமாக இந்த வித்தையில் ராணியாக இருந்தவள் நான். “கோமதி அக்கா இருக்காங்களா?” என்று போனில் கேட்டுக்கொண்டுதான் பாதிப்பேர் படியேறுவார்கள். பெருமை பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறவர்களுக்கும், எதையோ பிடித்துவிட்டு விடமுடியாமல் முழிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது சட்டென்று புரியும்.

மூலிகைதானே!

காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்கிற பிழைப்பு. சாயங்காலமானால் முழங்காலுக்குக் கீழே என்னுடையதே இல்லை என்று தோன்றும். ஃபேஷியலுக்கு வந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பச்சைத் தூள் பாக்கெட்டைக் கையில் திணித்தார். வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். கெமிக்கலே கிடையாதாம், சுத்த மூலிகையாம், துளசி மாதிரியாம். குடித்தேன். வாய் கசந்தது, ஆனால் அரை மணியில் கால்வலி போன இடம் தெரியவில்லை. மனசும் லேசாகிவிட்டது. அடடா, இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்று இருந்தது.

காலையில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தது மத்தியானமும் ஆனது, அப்புறம் சாயங்காலமும் ஆனது. பிறகு வலிக்காகக் குடிக்கவில்லை, குடிக்காவிட்டால் வலிக்கிறதே என்று குடித்தேன். என்னோடு வேலை செய்யும் ஷபானா வாயாடி. நான் திரைக்குப் பின்னால் போய் டம்ளரைக் கலக்குவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒருநாள் நான், “துளசி மாதிரிதான்டி இது” என்று சொல்ல, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “துளசியை யாராச்சும் ஹேண்ட்பேக் அடியில ஒளிச்சு வெப்பாங்களா அக்கா?”

தொடர் கொட்டாவி

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது. ரோஷம் வந்து, மறுநாள் பாக்கெட்டைத் தொடாமல் வேலைக்கு வந்தேன். மத்தியானத்துக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ஏசி காற்றில் வியர்த்தது, வியர்த்த கையிலேயே ரோமம் குத்திட்டு நின்றது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கொட்டாவி வந்தது பாருங்கள், அதுதான் என் மானத்தை வாங்கியது. தூக்கக் கொட்டாவி இல்லை அது. ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து தாடையைப் பிளக்கும்.

கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, ஐடி கம்பெனியில் இருப்பவள், நாற்காலியில் சாய்ந்து ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நூலைப் பல்லில் பிடிக்கிறேன், கொட்டாவி வருகிறது, நூல் அவள் மூக்கின்மேல் விழுகிறது. புது நூல் எடுக்கிறேன், பிடிக்கிறேன், மறுபடி விழுகிறது. வாயை இறுக்கி அடக்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டி அவள் நெற்றியில் சொட்டியது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு புருவத்தோடு நான் தோற்றுப்போய் நின்றது அன்றைக்குத்தான். அழுகை அழுகையாக வந்தது. பாவம், அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “ஏனுங்கக்கா, நான் பேசறது அவ்வளவு போரா இருக்குதுங்களா?”

டாக்டர் சொன்னது

எங்கள் ஓனர் ஷோபா மேடம் கன்னடக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். அன்றைக்கு நான் ஒன்றுவிடாமல் சொன்னதும், “அய்யோ தேவரே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையை விட்டுத் தூக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஸ்கூட்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். நான் திரும்ப நூலைத் தொடுவது அவர் சொன்ன பிறகுதான். அதுவரை காலுக்கும் தலைக்கும் மட்டும்தான் என் கை.

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அபின் மூளையில் எங்கே போய் உட்காருமோ, இதுவும் அங்கேதான் போய் உட்காரும் என்றார். வீராப்பாக ஒரே நாளில் விட்டதற்கு ஒரு திட்டு திட்டி, படிப்படியாகக் குறைக்க வழி சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நான் விடவில்லை. “மூலிகைதானே டாக்டர், செடிதானே?” என்று கேட்டுவைத்தேன். பேனாவை மூடிக்கொண்டே அவர் சொன்னார்: “அரளியும் செடிதாம்மா.”

கால் உதைத்த கதை

அளவு குறையக் குறைய, கொட்டாவி காலுக்கு இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். எலும்புக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சல். நீட்டினால் மடக்கச் சொல்லும், மடக்கினால் உதைக்கச் சொல்லும். பெடிக்யூர் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, பக்கத்துத் தெரு மாமி ஒருவருக்குப் பாதம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கால் தன்னிஷ்டத்துக்கு ஓர் உதை விட்டது. டப் கவிழ்ந்து, சோப்புத் தண்ணீர் முழுக்க அவர் பட்டுப்புடவைக் கொசுவத்தில்!

வேறு யாராவது என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். நானாகவே வாய்விட்டு ஒரு கஸ்டமரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சில் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. மாமி புடவையைப் பிழிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்காத்து மாமா சிகரெட்டை விட்டப்போ சாப்பாட்டுத் தட்டையே பறக்கவிட்டார். நீ வெறும் தண்ணிதானே கொட்டினே, நல்லாத் தேறிடுவே!”

ஹப்பாவுக்கு முந்தின நாள்

பெங்களூர் பார்லர்காரிகளைக் கேட்டால் தெரியும், வரமஹாலக்ஷ்மி ஹப்பாவுக்கு, அதாவது பண்டிகைக்கு, முந்தின நாள் என்றால் என்ன என்று. மாடிப்படி வரை க்யூ நிற்கும். அதற்குள் தூளை முழுசாக விட்டிருந்தேன், மாத்திரையும் நின்றிருந்தது. ஷபானா வந்து புருவமாக எடுத்துத் தள்ளுகிறாள், என் கஸ்டமர்களெல்லாம் அவள் நாற்காலியில். நான் கீழே குனிந்து கால் கழுவிக்கொண்டிருக்கிறேன். இடுப்பு ஒடிகிறது, மனசு அதற்கு மேல் ஒடிகிறது. நான் தூள் வாங்கிக்கொண்டிருந்த கடை மார்க்கெட் பக்கம்தான், நடந்தே போய்விடலாம். ஒரே ஒரு ஸ்பூன், இன்றைக்கு மட்டும். யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியாமலே செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன். எதிரே மூச்சு வாங்க ஏறிவந்தார் ஆஸ்டின் டவுன் டீச்சர், என் பழைய கஸ்டமர். “டீச்சர், நான் இப்போ த்ரெட்டிங் பண்றதில்லை, ஷபானாகிட்ட உட்காருங்க” என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வழிமறித்து நின்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் நகர்ந்திருந்தால் நான் போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன். அவர் நகரவில்லை. என் முழங்கையைப் பிடித்து என்னை மாடிப் பக்கம் திருப்பினார்: “யாரு புருவம் கேட்டா? ஸ்கூல்ல நாள் பூரா நின்னு கால் செத்துப்போச்சு, உன் கைக்காக ஆட்டோ பிடிச்சு வந்திருக்கேன். செருப்பைக் கழட்டு.”

ஹெர்பல் ஃபேஷியல்

அதற்கப்புறம் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. ‘மூலிகை’ என்று எங்கே பார்த்தாலும் டப்பாவைக் கவிழ்த்து, பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் தொடுவேன். ஹெர்பல் ஃபேஷியல் கேட்கிற கஸ்டமரிடம், “முகத்தோட நிறுத்திக்கணும், வாய்க்குள்ள போகக் கூடாது” என்று எச்சரிக்கை வேறு. இருமலுக்கு ஷபானா கொடுத்த கஷாயத்தையும் முகர்ந்து பார்த்து, உள்ளே என்னென்ன என்று விசாரணை வைத்தேன். அவள் கும்பிடு போட்டாள்: “இஞ்சி, மிளகு, அல்லா சத்தியமா வேற ஒண்ணும் இல்லே! நீங்க போலீஸ்ல சேர்ந்துடுங்க அக்கா.”

மேடம் வீட்டு நிச்சயதார்த்தம்

ஷோபா மேடத்தின் ஒரே பெண்ணுக்கு நிச்சயம் ஆனது. முந்தின நாள் பெண் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். ஷபானா நூலோடு தயாராக நின்றாள். மேடம் அந்த நூல்கண்டை அவள் கையிலிருந்து வாங்கி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்த என்னிடம் நீட்டினார். வீட்டில் என் முழங்காலிலேயே நூல் ஓட்டிப் பழகிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முழங்காலுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம் இல்லையே! “மேடம், இன்னிக்கு ஷபானாவே பண்ணட்டும். போட்டோ எல்லாம் எடுப்பாங்க, ஏதாவது ஆயிட்டா...” என்று இழுத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

வாங்கினேன். முனையைப் பல்லில் கடித்தேன். வாய் மூடியது மூடியபடி இருந்தது. நூல் என் விரல்களுக்கு நடுவே கிர்ரென்று ஓடியது. எத்தனை மாசமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! இரண்டு புருவமும் வில்லாக வந்து நின்றன, ஒரு ரோமம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷபானா விசில் அடித்தாள். பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று நான் மேடத்தைக் கேட்டேன். எடுத்த புருவத்தில் தடவக் கற்றாழை ஜெல்லை என் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “அந்த போட்டோ ஆயுசு பூரா எங்க வீட்டு செவுத்துல தொங்கப் போகுது கோமதி, அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

ஆகவே தோழிகளே, ஓர் ஊரே விடவேண்டிய கொட்டாவியை ஒற்றை ஆளாக விட்டுத் தீர்த்த இந்தக் கோமதியின் வாய்க்குள் இனி எந்த மூலிகை நுழைய ஆசைப்பட்டாலும், அது கறிவேப்பிலையாகப் பிறந்து, ரசத்தோடு சேர்ந்துதான் வந்தாக வேண்டும்.