சர்நேம் இல்லாத ஆள்

என் காது இரண்டும் தெரிய வேண்டும் என்று ஒரு நாடு எனக்கு உத்தரவு போட்டது. சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, கண்ணாடி போடக் கூடாது, பின்னால் வெள்ளைத் திரை வேண்டும். ராயப்பேட்டை ஸ்டுடியோக்காரர் என் தாடையைப் பிடித்துத் திருப்பியபோது, "என் காதைப் பார்த்து அவங்க என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அதேதான் நைனா. சிரிக்காம இரு," என்றார்.

எனக்கு எங்கே சிரிப்பு வந்தது? பிக்பாக்கெட் அடித்துப் பிடிபட்டவன் மாதிரி இருந்தேன் படத்தில். அதுதான் சரியான படமாம்.

மகளுக்கு அங்கே முதல் பிரசவம். இல்லாவிட்டால் அந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன். வெயிலையே பண்டிகை மாதிரி கொண்டாடுகிற ஊர் அது. தேங்காயைத் துருவி, உறைய வைத்து, பாக்கெட்டில் விற்கிறார்களாம். அப்படிப்பட்ட ஊருக்கு வந்து நான் திரும்பிப் போகாமல் அங்கேயே ஒளிந்துகொள்வேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம். மந்தைவெளியில் வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது என்பதற்கெல்லாம் ஆதாரம் கேட்டார்கள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பொங்கல் சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு வரக்கூடிய ஊரை விட்டுவிட்டு எவன் அங்கே போய் ஒளிவான்? இதை எழுத அந்த விண்ணப்பத்தில் இடமே விடவில்லை.

இந்த வேலைகளைப் பார்க்க தி. நகரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்திருந்தோம். கீழே குக்கர் வாங்குகிறவர்களை இடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். அவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சர்நேம் காலியா கீது சார். ஒத்தப் பேரு. அந்த ஊர்ல ஒத்தப் பேருக்காரங்கள உள்ள விட மாட்டாங்க."

எனக்குச் சர்நேம் கிடையாது. என் தெருவில் பாதிப் பேருக்குக் கிடையாது. ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு பெயர். எங்களுக்கு அதோடு விஷயம் முடிந்தது. இது புரியாத ஒரு நாடு நிலாவுக்கு ராக்கெட் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன?

என் மனைவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஆக, என் பெயர் அந்த நாட்டுக்குள் போகலாம். நான் போகக் கூடாது. இந்த மேதாவித்தனத்துக்குத்தான் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ஆள் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். இனிஷியலை விரிச்சு, அப்பா பேரை சர்நேமா போட்டு, புது பாஸ்போர்ட் எடுத்துடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்ணிக்கினு கீறாங்க," என்ற ஏஜென்ட், என்னைக் கேட்காமலேயே பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்து டைப் அடித்து, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

என் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்.

நான் சின்ன வகுப்பில் இருந்தபோது அசோக் நகரில் வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டு போன மனிதர் அவர். அதன் பிறகு நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மா மயிலாப்பூர் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தாள். ஒருநாள் நான் நோட்டுப் புத்தகத்தில் இருந்த இனிஷியலை எல்லாம் பேனாவால் கிறுக்கி அழித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அத்த ஏண்டா அழிக்கிற? என் பேருக்கும் அதே எழுத்துதான். இனிமே அது என் எழுத்து."

அவ்வளவுதான். அன்றிலிருந்து பேங்கிலும் ஆபீசிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நான் போட்ட அந்த எழுத்து அம்மாவுடையது. பார்த்தவர்கள் அப்பாவுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டுமே. ஒற்றை எழுத்தில் அந்த வசதி இருந்தது. அதைப் பிரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றது இந்த நாடு.

"அழிங்க அதை. அம்மா பேரைப் போடுங்க," என்றேன்.

"இன்னா சார் நீங்க! பொம்பள பேரு சார். அங்க மிஸ்டர்னு சொல்லி அந்தப் பேரைத்தான் கூப்பிடுவாங்க, காமெடியா பூடும். அதுக்குன்னு பாஸ்போர்ட் ஆபீஸ்ல தனியா பேப்பர்லாம் கேட்டு இழுத்தடிப்பாங்க வேற. நீங்க டெலிவரிக்குப் போய்ச் சேரணுமா, வேணாமா?"

மனைவி என்னை முறைத்தாள். "வெறும் பேருதானேங்க. பொண்ணு அங்க தனியா கெடக்கறா."

வெறும் பெயர்தான். ஆனால் என் மகள் வீட்டில் ஓர் உயிர் பிறக்கிற நேரத்தில், அந்த ஆளைத் தோளில் சுமந்துகொண்டு போய் இறக்க என்னால் முடியாது. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "பாட்டி பேரையே போடுப்பா. லேட்டானா ஆவட்டும்," என்றாள்.

ஏஜென்ட் சொன்னபடியே இழுத்தடித்தார்கள். ஒருவழியாக விசா வந்து நாங்கள் விமானத்தை விட்டு இறங்கிய அன்று காலைதான் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வெளியே காருடன் காத்திருந்த மருமகன் போனில் சொன்னான். நாங்களோ குடியேற்ற வரிசையில் ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தோம். ஒருவழியாகக் கண்ணாடிக்கூண்டு ஆபீசர் என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். "மிஸ்டர்..." என்று ஆரம்பித்து, அம்மாவின் பெயரைச் சூயிங்கம் மாதிரி மென்று துப்பினார்.

அப்படி இல்லை என்றேன். எழுத்தெழுத்தாகச் சொல்லிக்காட்டினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏங்க, இங்கேருந்தே திருப்பி அனுப்பிடப் போறான். அவ அங்க துடிச்சிக்கினு கீறா!"

அவள் பயந்தது நியாயம்தான். பேத்தி சாயங்காலம் வரை பொறுத்துக்கொண்டாள் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் நான் நகரவில்லை. எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் பின்வாசல் வழியாகவே போய் வந்தவள் அம்மா. அங்கே "ஏய், இந்தா" என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். காதைக் காட்டச் சொன்னீர்கள், காட்டினேன். பெயரைக் கேட்டீர்கள், கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெயரை ஒழுங்காகச் சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது, மிஸ்டரோடு சேர்த்து.