உபவாச நாளில் என்னைக் குடிக்கச் சொன்ன தேவன்

ஸ்தோத்திரம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், பிரியமானவர்களே. ஆனால் நடந்ததை நினைத்தால் முதலில் "சீ" என்றுதான் வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் செப்டம்பர். எனக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. நாங்கள் குடியிருக்கிற கிரான்பர்னில் சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். கூட்டத்தை நடத்துகிற பிரதர் என்னை முன்னால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, போன முறை உபவாசத்தை இடையில முறிச்சனீங்கள். அதுதான் பிள்ளை தங்கேல்ல. இந்த முறை மூண்டு நாள், தண்ணி மட்டும். முறிச்சா நான் பொறுப்பில்ல."

தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையில் மீன் ரோல்ஸ் மணத்தது. அவருக்குச் சுகர், உபவாசம் இருக்க ஏலாதாம். ஆனாலும் பயத்தில் "ஆமென்" என்றேன்.

நான் ஒரு யூத முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் உபவாசத்தின் மூன்றாம் நாள், அவர்களுடைய யோம் கிப்பூர் வந்தது. வருஷத்திலேயே பெரிய உபவாசம் அது, தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆகவே அன்று எனக்குக் கிடைத்த வேலையைக் கேளுங்கள்: நோயாளிகளுக்கு மருந்துக் கோப்பையில் பழச்சாறு, ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பட்டியலில் கடைசிப் பெயர் ரிவ்கா. படுக்கையில் கிடந்த தாயோடு தங்க வந்த மகள். என் வயதுதான், ஏழாம் மாதம். சுகமாக இருக்கிற கர்ப்பிணிகள் அன்று உபவாசம் இருப்பார்களாம். இவளுக்கு முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததால் டாக்டரிடமும், தங்கள் மதகுருவான ரபியிடமும் முன்பே கேட்டு வந்திருந்தாள். வாய்க்குள் ஏதோ ஜெபித்துவிட்டு, ஒரு வெட்கமும் இல்லாமல் வாங்கிக் குடித்தாள்.

எனக்கோ முந்தின நாளிலிருந்து பிள்ளை அசையவில்லை. கழிவறைக்குள் ஓடினேன். வெறும் பித்தமாக வாந்தி. என் வாய் நாற்றம் எனக்கே அருவருப்பாக இருந்தது. நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

"ஆண்டவரே, வேற ஒண்டும் வேண்டாம், பிள்ளையைத் தாரும். நான் என்ன செய்யோணும் எண்டு நீரே சொல்லும். அந்த மனுசன் சொல்ல வேண்டாம்."

திரும்பி வந்து ரிவ்காவிடம் கோப்பையை நீட்டினேன். அவள் என் காய்ந்த உதட்டையும் வயிற்றையும் பார்த்தாள். பேசியது ஆங்கிலத்தில், தமிழில் எழுதுகிறேன்.

"கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?"

"மூன்று நாளாக இல்லை. சபையில் உபவாசம்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! சோற்றில் புழுவைக் கண்டது போல.

"எங்களுக்கு இதைவிடக் கடுமையான உபவாசம் கிடையாது. இன்றைக்குக்கூட ஒரு கர்ப்பிணிக்குச் சாப்பாட்டு மணத்தில் ஆசை வந்து தாங்கமுடியாமல் போனால், 'இன்று யோம் கிப்பூர்' என்று காதில் சொல்லிப் பார்ப்போம். அப்படியும் அடங்காவிட்டால் மனம் ஆறும்வரை ஊட்டுவோம். யாரும் மறிக்க முடியாது. குடி!"

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"உனக்கு ஒன்பது நிமிடமெல்லாம் வேண்டாம்," என்றாள். "பழச்சாற்றுப் போத்தல் முழுவதையும் குடி."

குடித்தேன். அவளே நர்ஸைக் கூப்பிட்டாள். அம்புலன்ஸில் போகும்போதே பிள்ளை ஓர் உதை உதைத்தான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். நான் கேட்டதற்குக் கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார். யூதப் பெண்ணின் வாயால் கொடுத்தார். ஜனவரியில் மகன் பிறந்தான், முழுச் சுகத்தோடு.

பிரதர் எனக்குப் போன் பண்ணினார். "பாத்தீங்களா தங்கச்சி, உபவாசத்தின்ர பலனை?" என்றார். அருவருப்பில் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

அதைவிட அருவருப்பு என்மேல் எனக்கு. ஜெயந்தி என்று ஒரு தங்கச்சி எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளிடம், "சாப்பிடாம இருங்கோ, கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்று சொன்னவள் நான்தான். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு விசுவாசம் போதாது என்றும் பிறகு சொன்னேன். சீ, இதுவும் ஒரு வாயா!

போன மாதம் அவள் வீட்டுக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஓம் அக்கா. இப்ப போயிட்டு வாங்கோ," என்று கதவைச் சாத்தினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

என் தேவனை இன்னும் நம்புகிறேன், முன்பைவிட அதிகமாக. நீங்களும் நம்புங்கள். ஆனால் பிள்ளையைச் சுமந்துகொண்டு பட்டினியோடு இதை வாசிக்கிற சகோதரி யாராவது இருந்தால், என் சாட்சி கிடக்கட்டும். எழும்பிக் குசினிக்குப் போங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள். அதுவரைக்கும் அவர் காத்திருப்பார்.