படத்து ஆயாவின் நிறம்

எங்கள் அம்மாவைப் போல் வாயாலேயே தோலை உரிக்கத் தெரிந்த மனுஷி முத்தியால்பேட்டையில் வேறு யாரும் இல்லை. பெற்றவள் என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா? அதிலும் அண்ணி வாழ வந்த பிறகு அம்மாவுக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

அண்ணி பக்கத்து ஊரான சாரத்துப் பெண், நல்ல கறுப்பு. அண்ணன், காலமாகிவிட்ட அப்பாவைப் போலவே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். சொல்தா என்பார்கள் எங்கள் ஊரில். கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பிப் போய்விட்டான். விசா வரும்வரை அண்ணி எங்களோடுதான்.

கூடத்தில் ஒரு வாட்டர்கலர் படம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த எங்கள் முப்பாட்டனாருக்கு, அங்கே நீதிபதியாக இருந்த வெள்ளைக்காரர் தன் கையால் வரைந்து கொடுத்தது. முப்பாட்டனாரின் மனைவி கரை வைத்த புடவையில் வெற்றிலைத் தட்டோடு நிற்பாள். படத்து ஆயா என்போம்; ஆயா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. சாமி முகத்தில் படுவதுபோல ஆயா முகத்திலும் காலை வெயில் பட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் தலைமுறை தலைமுறையாகக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரேதான் படம். அமாவாசைக்கு அமாவாசை படையல் உண்டு. வீட்டில் பிறக்கும் மூத்த பெண்ணுக்கு ஆயா பேரைத்தான் வைக்க வேண்டும். எனக்கும் அதே பேர்தான்.

படத்தில் ஆயா எலுமிச்சம்பழ நிறம். அம்மாவுக்கு அது போதாதா! விளக்கேற்ற வரும் அண்ணியிடம், "அந்த மொகத்தையும் பாரு, உன் மூஞ்சியையும் பாரு. வெளக்கு அணைஞ்சா உன்ன எங்கடி தேடறது?" என்பாள். அண்ணி சிரித்து மழுப்புவாள்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். "ஐயய்யே, அடிப்பிடிச்ச சட்டி மாரி இருக்கே! இதுக்கு எங்க ஆயா பேர வெச்சா அவங்க படத்துலேர்ந்து எறங்கி வந்து அடிப்பாங்க" என்றாள். தொட்டிலில் போட்ட அன்று ஏதோ ஒரு பேரை வைத்துவிட்டாள்.

"ஆயா பேர வெச்சாத்தானே அத்தே இவ இந்த வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள் அண்ணி.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அம்மா.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வந்தார். பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர். ஒரு கண்காட்சிக்காக வீடு வீடாகப் போய்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, "எங்க ஆயா, எங்க ரத்தம்னு பெருசா எழுதச் சொல்லு" என்றாள். பிரெஞ்சு படித்திருந்ததால் மொழிபெயர்ப்பு நான்.

அவர் படத்தைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துச் சட்டத்தைக் கழற்றினார். பிறகு படத்தைத் திருப்பி வைத்து, ஓரங்களை மறைத்திருந்த அட்டையைத் தூக்கினார். எங்களில் யாரும் அதுவரை பார்த்திராத ஆயாவின் பாதங்கள் வெளியே வந்தன. கருகருவென்று இருந்தன. கணுக்காலுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் கோடு கிழித்தாற்போல்.

"இதுதான் அசல் நிறம். அட்டை மறைத்ததால் தப்பித்தது. மற்றதையெல்லாம் வெயில் தின்றுவிட்டது" என்றார். ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அடேயப்பா, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அண்ணி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி மேசைமேல் நிறுத்தினாள். "பாருங்க அத்தே, அதே காலு. இப்பவாவது ஆயா பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புடுங்க." அவள் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

பிரெஞ்சுக்கார அம்மாள் பேனாவைத் திறந்து, படம் யார் வழியாக வந்தது, இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அம்மா அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒறவெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. வெள்ளக்காரன் ஊருக்குப் போறப்ப ஏலத்துல பீரோவோட வந்த படம். யாரோ வேலக்காரி."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

சொல்தா பெண்டாட்டியாக இருந்த அம்மாவுக்கு வேலைக்காரி என்ற அந்த ஒரு வார்த்தை பிரெஞ்சிலும் தெரிந்திருந்தது. "செர்வாந்த்" என்று அம்மாவே படத்தைக் காட்டிச் சொன்னாள். பொய் என்று நான் பிரெஞ்சில் கத்தினேன். வீட்டுக்குப் பெரியவர் சொல்வதைத்தான் எழுத முடியும் என்று அவர் எழுதிக்கொண்டார். படத்தையும் அம்மா அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டாள். அந்த அமாவாசைக்குப் படையல் இல்லை.

கண்காட்சி நடக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. விசா அப்போதும் வந்திருக்கவில்லை. கண்காட்சியைப் பார்க்க அம்மாவும் எங்களோடு வந்தாள். ஆயாவுக்குக் கீழே இருந்த சீட்டில் 'வேலைக்காரி, பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

"இது யாரும்மா?" என்று குழந்தை கேட்டது.

அம்மா காதில் விழட்டும் என்று அண்ணி சத்தமாகவே சொன்னாள். "உங்க ஆயா வீட்டு வேலக்காரி. அந்த வீட்ல கறுப்பா பொறந்தா அதான் பேரு."

அம்மா அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"அப்ப என் பேரும் அதானா, அத்தே?"